பவானியோடு போகும் ரோடு: ஈரோடு முதல் ஊட்டி வரை மாநில நெடுஞ்சாலை 15

ஈரோட்டில் அதற்கு சத்தி ரோடு என்று பெயர். கோபி பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்று கேட்டால் ஒரு கை ஈரோடு ரோடு, மறு கை சத்தி ரோடு. சத்தியமங்கலத்துக்குப் போனால் மேட்டுப்பாளையம் ரோடு. மேட்டுப்பாளையத்தில் ஒரு முனை சிறுமுகை ரோடு, இன்னொரு முனை கோத்தகிரி ரோடு. நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் இவை எல்லாம் சேர்ந்து ஒரே சாலை, மாநில நெடுஞ்சாலை 15. ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட இல்லாத ஈரோட்டில் தொடங்கி 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் போய் முடிகிறது. ஓரத்துக் கிலோமீட்டர் கல்லின் தலையில் பச்சை வண்ணம் அடித்திருக்கும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலத்துடையது.

இந்தச் சாலையில் முழுதாகப் பயணம் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஈரோட்டிலிருந்து ஊட்டி கிளம்புகிற கார்கள் பெருந்துறை, அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடும். நம் சாலையில் ஆளுக்கு ஒரு துண்டுதான் பழக்கம். சர்க்கரை வியாபாரிக்குக் கவுந்தப்பாடி வரை தெரியும். பூக்காரருக்குச் சத்தி தெரியும். மண்டிக்காரருக்கு மேட்டுப்பாளையத்துக்கு மேலே தெரியும். கோத்தகிரியில் தேயிலை பறிக்கிற அம்மாவுக்குக் கீழே காட்டுக்குள் இதே சாலை ஓடுவது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நான் கோபிப் பக்கத்து ஆள். எனக்கும் நெடுநாள் வரை இது துண்டு துண்டாகத்தான் தெரியும். ஆனால் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் போகப் போக, துறை ஏதோ நிர்வாக வசதிக்காக ஒட்டவைத்த சாலை இல்லை இது என்ற எண்ணம் உறுதியாகிவிட்டது. இதை ஒன்றாக்குவது பவானி ஆறு. கூடவே, பலருக்கு நினைவில் இல்லாத இன்னொரு சங்கதியும் உண்டு: சமவெளியிலிருந்து நீலகிரிக்கு முதன்முதலில் அமைக்கப்பட்ட பாதை இந்தப் பக்கத்தில்தான் ஏறியது. குன்னூர் வழி அதற்குப் பிறகு வந்தது.

ஈரோட்டை விட்டதும் வருவது சித்தோடு. சேலம் கொச்சி தேசிய நெடுஞ்சாலை இங்கே குறுக்கே போகிறது. ஆவின் பால் பண்ணையும் வெல்லச் சந்தையும் இந்த ஊரின் அடையாளம். அங்கிருந்து கவுந்தப்பாடி வரை, பருவத்தில் போனால், ஜன்னல் திறந்திருக்கும் பஸ்ஸில் கரும்புப் பாகு காய்கிற வாசனை வரும். வயலோரத்தில் ஆலை போட்டிருப்பார்கள். சாறு பிழிந்து கொப்பரையில் ஊற்றி, சக்கையையே எரித்துக் காய்ச்சி, மேலே திரளும் அழுக்கு நுரையை அள்ளி அள்ளிக் கொட்டி, பதம் வந்ததும் இறக்குவார்கள். உருட்டினால் உருண்டை வெல்லம், அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம். ஆறும்போது கட்டையால் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச்சர்க்கரை. பதம் பார்க்கிறவருக்கு அளவுமானி எதுவும் கிடையாது. கண்ணும் கையும்தான். அவர் கொஞ்சம் அசந்தால் அந்தக் கொப்பரை முழுக்கக் கறுத்துவிடும்.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சனிக்கிழமை சர்க்கரை ஏலம். 60 கிலோ மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச்சர்க்கரையைத் தேவஸ்தானம் இங்கிருந்துதான் கொள்முதல் செய்கிறது. பழனிப் பஞ்சாமிர்த டப்பாவைத் திறக்கிற யாரும் கவுந்தப்பாடியை நினைப்பதில்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு, எனக்கும் உண்டு.

சித்தோட்டிலிருந்து கோபி வரை இப்போது நான்கு வழிச்சாலை. நடுவே தடுப்பு, இருபக்கமும் வெள்ளைக் கோடு. முதலமைச்சரின் சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் நடந்த வேலை. பயண நேரம் குறைந்தது, எதிரெதிரே மோதுகிற விபத்துகளுக்கும் இடம் குறைந்தது. அதை மறுக்க மாட்டேன். குறுகலாக இருந்த காலத்தில் இந்தச் சாலையில் கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அவசரப்பட்டு முந்தியவர்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. ஆனால் இருபக்கமும் கைகோத்து நின்ற புளியமரங்கள் போனதற்கு எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நெடுஞ்சாலைத் துறை அந்தப் புளியமரங்களின் மகசூலை வருடாவருடம் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர்கள் குடும்பத்தோடு வந்து கீழே தார்ப்பாய் விரித்து உலுக்குவார்கள். நட்டவர் யாரென்று தெரியாது, மூன்று தலைமுறைக்கு நிழல் கொடுத்த மரங்கள். சாலை அகலமாக வேண்டும் என்பது வேறு விஷயம். வெட்டிய கையோடு, சாலையின் புது எல்லையில் அதே வேகத்தில் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்க வேண்டும். சாலைக்குக் கெடு வைக்கிறோம், மரத்துக்கு வைப்பதில்லை.

கவுந்தப்பாடியைத் தாண்டினால் நிலத்தின் முகம் மாறும். மஞ்சள், கரும்பு, வாழை, நெல். கொங்கு நாடு என்றாலே கிணற்றுப் பாசனமும் மானாவாரிச் சோளமும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பச்சை ஆச்சரியமாக இருக்கும். இதற்குக் காரணம் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணையில் கிளம்பி, ஆற்றுக்குத் தெற்கே மேட்டு நிலத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுமார் 200 கிலோமீட்டர் போகிறது. வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் சரிந்து கிடக்கும் நிலம்தான் ஆயக்கட்டு, 2,07,000 ஏக்கர். நம் சாலை இந்தச் சரிவுக்குள்தான் பெரும்பாலும் ஓடுகிறது. வாய்க்காலுக்கு மேல்புறம் பனையும் வேலமரமும் நிற்கிற கரட்டு நிலம், கீழ்புறம் நடவு வயல். நடுவில் இருபது முப்பது அடி அகல மண்கரை மட்டும்.

2,07,000 ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்ட் நடுவிலிருந்து நெல்லுக்குத் தண்ணீர். மறு பாதிக்கு ஜனவரி முதல் புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருடம் முறை மாறும். எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால்கூட அப்பச்சி முதலில் கேட்பது, "இந்த வருசம் நமக்கு நெல்லுத் தண்ணியா, புஞ்சைத் தண்ணியா?" என்பதுதான். அறுவடை எப்போது, கையில் காசு எப்போது என்பதெல்லாம் அந்த மதகு எண்ணில் இருக்கிறது.

இந்தத் திட்டம் தானாக வந்துவிடவில்லை. ஈரோட்டுச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த விடுதலைப் போராட்ட வீரர் எம்.ஏ. ஈஸ்வரன் இதற்காக விடாமல் வாதாடினார். 1948இல் அணை வேலை தொடங்கி 1955இல் முடிந்தது. விடுதலைக்குப் பின் நாட்டில் எடுத்துக்கொண்ட முதல் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. வாய்க்கால் மண் வாய்க்காலாகவே வெட்டப்பட்டது. அதிலிருந்து கசிகிற நீர் கிணறுகளில் ஊறி, முறைத் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் பயிரைக் காப்பாற்றுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேருவதில்லை என்பதற்காக அதற்குக் கான்கிரீட் போடலாம் என்று திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டு பிரிவாகப் போராடினார்கள். கடைமடைக்காரர் கேட்பது நியாயம். கசிவு நீரை நம்பிக் கிணறு வெட்டியவர் பயப்படுவதும் நியாயம். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பழுதான மதகையும் கரையையும் சரிசெய்து, திருட்டுத் தண்ணீரை நிறுத்தி, அதற்குப் பிறகும் கடைமடைக்குப் போகவில்லை என்றால் மட்டும் கான்கிரீட்டைப் பற்றிப் பேசலாம். எழுபது வருடமாக மண்ணுக்குள் உருவான நீரோட்டத்தை ஒரு முறை அடைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

கோபியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சினிமாவில் பச்சை வயலும் வாய்க்கால் கரையும் வந்தால் பாதிக்குப் பாதி இந்தப் பக்கம்தான் எடுத்திருப்பார்கள், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் என்ற தீமிதி நடக்கும் நாளில் சாலையே தெரியாது, தலைதான் தெரியும். ஆனால் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. ஜி.எஸ். லட்சுமண ஐயர். விடுதலைப் போரில் சிறை போனவர். தாழ்த்தப்பட்ட மக்களைத் தன் வீட்டுக்குள் அழைத்து, அதற்காகச் சொந்தச் சாதியின் ஒதுக்கலைத் தாங்கியவர். நகராட்சித் தலைவராக இருந்தபோது மனிதர் மலம் அள்ளும் வழக்கத்தைக் கோபியில் ஒழித்தார். இருந்த சொத்தைப் பொதுக் காரியத்துக்கே கொடுத்து 2011இல் மறைந்தார். இந்த ஊர் வழியாகப் போகிற பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிய வேண்டும்.

கோபிக்கும் சத்திக்கும் நடுவில் வடக்கே பிரிந்தால் கொடிவேரி. ஆற்றின் குறுக்கே 1125இல் கொங்காள்வான் என்ற குறுநில மன்னர் கட்டியதாகச் சொல்லும் தடுப்பணை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால்கள் இங்கிருந்து பிரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து அருவியில் குளித்து, பொரித்த மீன் தின்று போகிறவர்கள் நிற்கும் அந்தக் கல், இன்றைக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு நெல் கொடுக்கிற கல். பவானிசாகர் வந்ததற்கு 800 வருடத்துக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் நீரைத் திருப்புகிற வித்தை தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

சத்தியமங்கலம் ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற ஊர். கோவையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 948 இங்கே நம் சாலையோடு கலந்து, பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மைசூர்ப் பக்கம் போகிறது. புலிகள் காப்பகத்துக்கு நடுவே போவதால் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. லாரிகள் காத்திருக்க வேண்டியிருந்தாலும், அந்தத் தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஊரைச் சுற்றி மல்லிகை. விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்கிவிடுவார்கள். விடிந்து வெயில் ஏறிவிட்டால் மொட்டு மலர ஆரம்பித்துவிடும், விலை போய்விடும். காலையில் பூ மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் கோவைக்கும் கேரளாவுக்கும் மைசூர், பெங்களூருக்கும் வண்டி கிளம்பும். மார்கழிப் பனியில் செடி பூக்காது, தை முகூர்த்தத்தில் தேவை ஏறும், அப்போது கிலோ ஆயிரக்கணக்கில் போகும். கோடையில் பூத்துக் கொட்டும்போது சென்ட் ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். ஒரே செடி, ஒரே வருடம், இத்தனை ஏற்ற இறக்கம். அதைத் தாங்கிக்கொண்டு பறிக்கிற கைகளுக்குக் கூலி மட்டும் விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

இந்த ஊர் போர்களும் பார்த்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 செப்டம்பரில், திப்பு சுல்தான் கெஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து, சத்தியமங்கலத்தில் முகாமிட்டிருந்த கர்னல் ஃபிளாய்டின் படையைத் தாக்கினார். ஃபிளாய்ட் கோவைப் பக்கம் பின்வாங்க வேண்டியதாயிற்று. கெஜலட்டி என்பது மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் கணவாய். மைசூர் மேட்டுக்கும் கொங்குச் சமவெளிக்கும் நடுவே படையும் பொதிமாடும் பல காலம் போய்வந்த வழி. இன்றைக்கு அது காட்டுக்குள் இருக்கிறது, வண்டிப் போக்குவரத்து கிடையாது. திம்பம் வழி வந்தபின் கெஜலட்டி மறைந்துவிட்டது. சாலைகளுக்கும் காலம் உண்டு.

அந்தக் கணவாயின் வாசலைக் காத்த கோட்டை பவானிசாகர் அணைக்குள் இருக்கிறது. டணாய்க்கன்கோட்டை. பவானியும் மோயாறும் கூடுகிற இடத்தில், 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளனின் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், ஆண்ட ஊர். நீலகிரியை அடக்கியவர் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அணை கட்டியபோது கோட்டையும் சுற்றியிருந்த ஊர்களும் நீருக்குள் போயின. கோடையில் நீர்மட்டம் ரொம்ப இறங்கினால் மாதவராயப் பெருமாள் கோயிலின் கல் மண்டபம் வெளியே தெரியும். அப்போது செய்தித்தாளில் படம் வரும், ஜனங்கள் பரிசல் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். கோயில் தெரிகிறது என்றால் எங்களுக்கு அது நல்ல செய்தி இல்லை. அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வருவது சந்தேகம் என்று பொருள்.

அணையின் உயரம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. கரை மண்ணால் ஆனது, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம். இந்தச் சாலையில் வந்து ஒரு முறை அந்தக் கரையைப் பார்த்தவருக்குத்தான் அதன் அளவு பிடிபடும். புல்டோசர் அபூர்வமாக இருந்த காலத்தில் பெரும்பகுதி மண்ணைத் தலையில் சுமந்து கொட்டியவர்கள் எங்கள் ஊர்களிலும் இருந்தார்கள். அவர்கள் எல்லோருமே இப்போது இல்லை.

அணைக்குப் பின்னால் ஒரு கிராமம் இருக்கிறது. தெங்குமரஹாடா. வருவாய்த் துறையின் ஏட்டில் அது நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். ஆனால் மலையிலிருந்து நேராக இறங்கி அங்கே போக வண்டிப் பாதை கிடையாது. பவானிசாகர் வந்து, காராச்சிக்கொரை வனச் சோதனைச் சாவடி தாண்டி, காட்டுப் பாதையில் போய், மோயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். 1948இல் ஒரு கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்காக அந்த நிலம் கொடுக்கப்பட்டு உண்டான ஊர் அது. அந்த ஊர்க்காரர் ஒரு சாதிச் சான்றிதழுக்காகத் தன் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும் என்றால் ஆறு கடந்து, காடு கடந்து, பவானிசாகர் வந்து, மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து கோத்தகிரி மலை ஏற வேண்டும். நம் சாலையின் பாதியை அவர் ஒரு காகிதத்துக்காகப் பயணம் செய்கிறார். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பிரசவ வலி வந்த பெண்ணைப் பரிசலில் ஏற்றுகிற ஊர் அது. புலிகளின் நடமாட்டப் பகுதி என்பதால் மக்களை வேறிடத்துக்கு மாற்றும் பேச்சு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போக விரும்புகிறவருக்கு முழு இழப்பீடும், இருக்கிற நாள் வரை ஒரு பாலமும் கொடுப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். மாற்றப் போகிறோம் என்பதையே காரணமாக்கி ஒரு தலைமுறையைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

பவானிசாகர் தாண்டினால் விளாமுண்டிக் காடு. உசிலையும் வேலமும் நிற்கிற வறண்ட முள்காடு. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் அணை நீர். யானைகள் தண்ணீருக்கு வர வேண்டுமானால் இந்தச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். வேனிலில் மாலை நான்கு மணிக்கு மேல் அநேகமாக ஏதோ ஒரு வளைவில் பஸ் நிற்கும். டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு, "யாரும் சத்தம் போடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். குட்டியோடு கூட்டம் கடந்து முடித்ததும் வண்டி கிளம்பும். அந்தப் பொறுமை இந்தத் தடத்தில் ஓட்டுகிற டிரைவர்களுக்கு வேலையின் ஒரு பகுதி. சித்தோடு கோபி போல இந்தத் துண்டையும் அகலப்படுத்தலாம் என்று யாராவது பேசினால் அதை ஏற்கவே முடியாது. வேகம் கூடினால் இங்கே முதலில் சாவது யானைக் குட்டியும் மானும். இரண்டாவது சாவது பைக்கில் வருகிற ஆள்.

காடு முடிந்து சிறுமுகை. மென்பட்டுச் சேலைக்குப் பேர் போன ஊர். சத்தம் அடங்கிய தெருக்களில் தறி ஓடும். ஒரு காலத்தில் இங்கே பெரிய விஸ்கோஸ் ஆலை ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது, ஆற்றுக்குள் கழிவும் விட்டது. அணைக்குக் கீழே இருந்த எங்கள் ஊர்கள்வரை எழுந்த போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு, 2000களின் தொடக்கத்துக்குள் ஆலை மூடிக்கிடந்தது. வேலை போன குடும்பங்களின் வலியும் உண்மை, செத்து மிதந்த மீனும் உண்மை.

இந்தச் சிறுமுகைதான் நான் முதலில் சொன்ன அந்தப் பழைய பாதையின் அடிவாரம். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனது. மேலே இருக்கும் மலையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1812இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் டணாய்க்கன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏறிப் பார்த்து அறிக்கை எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்று கலெக்டரின் உதவியாளர்கள் இரண்டு பேர் போய், குளிர்ந்த மலை நாடு ஒன்று இருக்கிறது என்று சொன்னார்கள். 1819 ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவனே ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்கினார். அதே வருடம் அருகில் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார்.

வீடு கட்டியவருக்கு வழி வேண்டும். சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்குக் குதிரை போகிற பாதை ஒன்றை லெப்டினன்ட் எவன்ஸ் மக்ஃபர்சன் தலைமையில் 1821இல் தொடங்கி 1823இல் முடித்தார்கள். ஊட்டிக்குப் போன முதல் ஆங்கிலேயக் குடும்பங்கள், அவர்களுடைய பெட்டி படுக்கை, விதை உருளைக்கிழங்கு, முதல் ஐரோப்பியக் காய்கறி எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் ஏறியிருக்க வேண்டும். கண்டுபிடித்தார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே படகர்களும் கோத்தர்களும் இருளர்களும் குறும்பரும் இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கீஸுக்கும் சல்லிவனுக்கும் வழி காட்டியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் முன்னுக்கு வரவில்லை.

பத்து வருடம்கூட அந்தப் பாதைக்கு முதலிடம் நிலைக்கவில்லை. ஆளுநர் லஷிங்டன் காலத்தில் லெப்டினன்ட் லெ ஹார்டி குன்னூர் மலைப்பாதையை 1830களின் தொடக்கத்தில் போட்டார். ஊட்டிக்கு அதுதான் நேர்வழி என்றாகிவிட்டது. 1899இல் மேட்டுப்பாளையம் குன்னூர் ரயிலும் வந்தது, 1908இல் ஊட்டி வரை நீண்டது. கோத்தகிரி வழி இரண்டாம் வழியாயிற்று. ஊர் பெரிதாகக் கெடாமல் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி, உருளைக்கிழங்கு மண்டி. மலையில் விளைந்த கிழங்கு, கேரட், பூண்டு இங்கே இறங்கித்தான் ஊர் ஊராகப் போகும். பவானி பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் குன்னூர். வலது பக்கம் நாம்.

கோத்தகிரி 33 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் இந்தப் பக்கத்தில் குன்னூர் வழி அளவுக்குக் கடினம் இல்லை. மலையைச் சுற்றிச் சுற்றி, ஒரு பக்கம் சமவெளியைக் காட்டிக்கொண்டே ஏறுகிறது. குஞ்சப்பனையில் இருளர் ஊர்கள். பலா பழுக்கிற ஜூன், ஜூலையில் யானைகள் வாசனை பிடித்து ஏறி வந்துவிடும். அங்கே இரவில் இரண்டு சக்கர வண்டியில் போகாதீர்கள். அரவேணு வந்ததும் காற்று மாறும், தேயிலை தொடங்கும். கோடை சீசனில் கூட்டத்தைச் சமாளிக்க, ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். 2024 மே முதல் இ-பாஸும் உண்டு. அப்படியும் ஏப்ரல், மே மாதத்தில் இந்த மலை மூச்சு முட்டுகிறது.

மலைச்சாலையில் போகும்போது நான் கவனிப்பது வடிகாலை. மழைக்காலம் வருவதற்கு முன்னால் சாலையோரக் கால்வாயில் மண்ணும் சருகும் அடைத்திருந்தால் தண்ணீர் சாலை மேல் ஏறி, விளிம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் பல நாள் துண்டாகிக் கிடந்தன. சருகை அள்ளி, செடியை வெட்டி, சிறுபாலத்தின் வாயைத் திறந்து வைக்கிறவர்கள் சாலைப் பணியாளர்கள். 1997இல் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய 10,000 பேரை எடுத்தார்கள். 2002இல் அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல் திரும்ப எடுத்தார்கள். நடுவில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று அவர்கள் கேட்டுக் கேட்டு முடி நரைத்துப் பலர் ஓய்வும் பெற்றுவிட்டார்கள். பட்டினியிலும் மன உளைச்சலிலும் இறந்துபோனவர்களும் அதில் உண்டு. புதுச்சாலை திறப்பு விழாவுக்கு மேடை போடுகிறோம். இருக்கிற சாலையைக் காப்பாற்றுகிறவருக்கு மழைக்கோட்டும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. பராமரிப்பை மொத்தமாக ஒப்பந்தத்துக்கு விடுவதை நான் நம்பவில்லை. எந்த வளைவில் எந்த மழைக்கு மண் சரியும் என்று தெரிந்த உள்ளூர் ஆள் இருபது வருடம் அதே இடத்தில் வேலை பார்த்தால்தான் அது தெரியும்.

கோத்தகிரியில் இறங்கினால் கன்னேரிமுக்குக்கு இரண்டு கிலோமீட்டர். சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா செம்மண் நிறத்தில் இன்னும் நிற்கிறது, நினைவகமாக வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஹட்டி என்று சொல்லும் படகர் ஊர்கள், சிறு தேயிலைத் தோட்டங்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை வேண்டும் என்பது இங்கே பல வருடப் போராட்டம். கிலோவுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பறிக்கிற கூலிக்கும் உரத்துக்கும் போய்விடுகிறது. கீழே கரும்புக்கு, மல்லிகைக்கு, மஞ்சளுக்கு என்ன கதையோ அதே கதைதான் மேலேயும். இந்தச் சாலையில் எங்கே நிறுத்தி எந்த விவசாயியிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் விலை வந்துவிடும்.

அங்கிருந்து கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா சந்திப்பு, பிறகு ஊட்டி. ஊட்டியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதிவரை மலையில் மண்சரிவு பயம் உண்டு, ஏப்ரல் மே கூட்டம். அதனால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. வயலில் மஞ்சள் வெட்டும் காலம், ஆலைகளில் கொப்பரை காயும் காலம். சனிக்கிழமை காலை ஈரோட்டில் கிளம்பினால் கவுந்தப்பாடி ஏலத்தைப் பார்க்கலாம், மதியம் சாப்பாட்டைச் சத்தியில் முடிக்கலாம். விளாமுண்டிக் காட்டை மூன்று மணிக்குள் கடந்துவிடுங்கள், நடுவில் இறங்கிப் போட்டோ எடுக்காதீர்கள். இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கி, மறுநாள் விடிந்தபின் மலை ஏறுங்கள்.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். சிறுமுகையில் அந்த 1823 பாதையின் நினைவாக ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. கிலோமீட்டர் கல் நடுகிற செலவில் ஒன்று நட்டுவிடலாம். அதில் மக்ஃபர்சன் பெயரோடு, முதலில் வழி தெரிந்திருந்த இருளர், குறும்பர், கோத்தர், படகர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.